பிரெஞ்சு வகுப்பில் கெல்ட்டியர்

எங்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்க வந்த வெள்ளைக்காரர் முதல் நாள் சொன்ன முதல் வசனம், தான் பிரெஞ்சுக்காரன் இல்லை என்பதுதான். ஆங்கிலத்தில் சொன்னார். இருபது பேர் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். இரண்டொருவர் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கொழும்பில், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் அந்த டியூட்டரி இருந்தது. யுத்தம் நடந்த தொண்ணூறுகள் அவை. வெள்ளவத்தை லொட்ஜுகளில் இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கேயாவது போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். டியூட்டரி நடத்தியவர் அதைக் கண்டுகொண்டு, கணக்கும் விஞ்ஞானமும் படிப்பித்த அறைகளில் பாஷைகளைப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தார். "சொந்த நாட்டவரே நேரில் கற்பிக்கிறார்" என்று வாசலில் போர்டும் போட்டிருந்தார். அந்தச் சொந்த நாட்டவர்தான் அந்த நாடே தன்னுடையதில்லை என்றார்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை. அண்ணன் பாரிஸில் இருந்தான்; என்னை ஸ்பொன்சர் செய்து எடுப்பதாக ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அதை நம்பிச் சனிக்கிழமை பின்னேரங்களில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போவேன்.

ஆசிரியருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருமனான ஆள், வெயிலில் அவிந்த முகம், பத்திக் சேர்ட், கழுத்தில் மூன்று சுருள் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு வெள்ளிப் பதக்கம். களனி ஆற்றுக்கு அப்பால், ஹெந்தளையில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு எடுத்துத் தனியாக இருந்தார். பிரான்சின் மேற்கு மூலையில் பிரெத்தாஞ் என்று ஓர் இடம் இருக்கிறதாம், அதுதான் தன் தேசமாம். முன் வாங்கில் இருந்த ஒருவர், "பிரித்தானியாவோ சேர்?" என்று நல்ல மனதோடுதான் கேட்டார். ஆசிரியரின் முகம் இன்னும் சிவந்துபோயிற்று. தான் கெல்ட்டியன் என்றார். சோக்கட்டியை எடுத்துக்கொண்டு போர்டுக்குத் திரும்பினார். அன்றைக்கு நாங்கள் "வணக்கம்" என்பதற்குப் பிரெஞ்சுச் சொல்லைக்கூடக் கற்கவில்லை.

போர்டில் ஐரோப்பா முழுவதையும் வரைந்தார். ஒஸ்திரியாவில் ஓர் உப்புச் சுரங்கம், அங்கிருந்து நாலாபக்கமும் அம்புக்குறிகள். பெரிய பெரிய ஆறுகளுக்கெல்லாம் கெல்ட்டியர்தான் பெயர் வைத்தார்களாம். ஸ்பெயினின் ஒரு மூலை, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், கடைசியில் துருக்கி வரைக்கும் போய் அங்கேயும் ஒரு வட்டம் போட்டார். "கலாத்தியர்" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். கோயிலில் பைபிள் வாசகத்தில் சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர். அவர்கள் யார், எங்கே இருந்தவர்கள் என்று எங்கள் பங்குச் சுவாமியும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது என்பதை மறைக்கக்கூடாது. அடுத்த சனிக்கிழமையே அது போய்விட்டது.

அது நவம்பர் மாதம். இரண்டாம் தேதி மரித்தோர் தினத்துக்கு நாங்கள் சவக்காலைக்குப் போய் அப்பாவின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தோம். வகுப்பில் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னேன். அவர் கையைத் தட்டினார். அந்த நாளே கெல்ட்டியருடையதுதான், செத்தவர்கள் திரும்பிவரும் அவர்களுடைய பண்டிகையைத்தான் திருச்சபை எடுத்துப் பெயர் மாற்றி வைத்துக்கொண்டது என்றார். "நீயும் ஒரு சின்னக் கெல்ட்டியப் பெண்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணிய மனுஷன். அவருடைய கல்லறையில் நான் வைத்த இரண்டு மெழுகுதிரிக்கும் இந்தாள் உரிமை கேட்கிறார் என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

எனக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருப்பார். நாற்பது வயது. பத்து வயது மகளோடு லொட்ஜில் ஓர் அறையில் ஒன்றரை வருடமாக இருந்தார். கணவர் ஆறு வருடத்துக்கு முன்னரே பிரான்சுக்குப் போய்விட்டவர். அவர் இருக்கும் ஊரின் பெயரை அக்கா ஒருநாள் கொப்பியிலிருந்து வாசித்தபோது ஆசிரியர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அது அவருடைய பிரெத்தாஞ்சில் இருக்கும் ஊராம்.

"உன் கணவர் அதிர்ஷ்டசாலி. நிமிர்ந்து நிற்கும் பெரிய கற்களைப் பார்த்திருக்கிறாரா? எங்கள் குழலிசையைக் கேட்டிருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவர் அங்க கோழி வெட்டுற ஃபக்டரியில நிக்கிறார், தங்கச்சி. விடிய நாலு மணிக்குப் போனா பின்னேரம் வந்து படுக்கிறதுதானாம். கல்லுப் பார்க்க நேரமில்லையாம் எண்டு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. தொழிலாளிகளின் துயரம் பற்றி இரண்டு வசனம் சொல்லிவிட்டு மறுபடியும் கற்களுக்கே போனார்.

மூன்றாம் மாதம் தன் தாயின் கதையைச் சொன்னார். அந்த அம்மா சின்னப்பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போன காலத்தில், வீட்டில் பேசும் பிரெத்தோன் பாஷையில் ஒரு சொல் வாய்தவறி வந்தாலும் கழுத்தில் ஒரு மரச் செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். அதே பாஷை பேசுகிற இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால்தான் அது கழுத்தை விட்டு இறங்குமாம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் அந்தப் பிள்ளையை நினைக்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவர் மனுஷன்.

நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்கள் மொழிக்காக நீங்கள் எப்போது அவமானப்பட்டீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்" என்றார்.

ஜன்னல் திறந்திருந்தது. கீழே ஒழுங்கை முகப்பில் ஆமிக்காரர் நின்றார்கள். அந்தக் கிழமைதான் பக்கத்து லொட்ஜைச் சுற்றிவளைத்துப் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வகுப்பில் யார் யாருக்குத் தெரிந்தவர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் கொப்பியைப் பார்த்தோம். கடைசியில், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், எழுபதை நெருங்கிய, மெலிந்த, எப்போதும் வெள்ளைச் சேர்ட் போட்டு வருகிறவர், எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, சேர்."

ஆசிரியர் அவரை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பயந்த ஜனங்களின் மொழி செத்துத்தான் போகும் என்றார். ஹெந்தளையில் கடலைப் பார்த்துக்கொண்டு, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை அலுமாரியில் வைத்துக்கொண்டு இருக்கிறவரின் தைரியம் அது. அந்த வகுப்பு முடிந்ததும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. கட்டின காசு வீண்போகக்கூடாது என்ற கிளார்க் புத்தி.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறிய இனங்களின் ஒற்றுமைக்கு என்று தன் வீட்டில் ஒரு மத்தியான விருந்து வைத்தார். அயர்லாந்துக்காரர், ஸ்கொட்லாந்துக்காரர் என்று ஏழெட்டு வெள்ளைக்காரர் வந்திருந்தார்கள். வகுப்பிலிருந்து ஐந்து பேரைத் தெரிந்தெடுத்து ஒரு வாடகை வானில் கூட்டிப்போனார். அக்கா, பிரெஞ்சுத் தூதரகத்தில் இந்தாள் ஒரு சொல் சொல்லிவிட்டால் விசா சுகமாகக் கிடைக்கும் என்ற நினைப்பில் பட்டுச்சேலை கட்டி வந்தார். மகளை லொட்ஜ் முதலாளியின் மனைவியிடம் விட்டிருந்தார். கூலிக்குப் பிடித்த சிங்கள பாண்ட்காரர் ஒருவர் கட்டம் போட்ட பாவாடை உடுத்துத் தோல்பை வாத்தியத்தை ஊதினார். வேர்வை அவருடைய காலுறை வரைக்கும் இறங்கியது. வெள்ளைக்காரர்கள் பியர் குடித்தபடி கண்ணை மூடி, தங்கள் பழைய துயரத்தை நினைத்து ஆடினார்கள். எங்களைத் தமிழில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். வெளியே கடற்கரையில் ஆட்கள் நடமாடுகிற வீட்டில் தமிழில் பாட எங்களுக்கென்ன விசரா. தபாலதிபர் ஆங்கிலத்தில் ஒரு தேவாரம் போன்றதை வசனமாகச் சொல்லிச் சமாளித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நாலு மணியளவில் திரும்பினோம். தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி ஆசிரியரும் முன் சீட்டில் ஏறினார். வெள்ளைக்காரர் இருந்தால் மறிக்கமாட்டார்கள் என்று எங்களுக்கும் சந்தோஷம்.

களனிப் பாலத்தடியில் மறித்தார்கள். பொலிஸ்காரர் கதவைத் திறந்து அடையாள அட்டைகளைக் கேட்டார். என்னுடைய முறை வந்ததும், கேட்காமலே, "மம கொட்டஹேனே, கொட்டுவே வெட கரன்னே" என்றேன். கொட்டாஞ்சேனை ஆள், கோட்டையில் வேலை என்று. நல்ல சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். மற்றவர்களைப்போல இல்லை நான் என்று அவருக்குக் காட்டுவதற்காகவே சொன்னேன். அட்டையைத் திருப்பித் தந்தார்.

அக்காவின் அட்டையில் யாழ்ப்பாண விலாசம். லொட்ஜில் பதிந்த பொலிஸ் துண்டு எங்கே என்று கேட்டார். அது அக்காவின் வழக்கமான பையில் இருந்தது. பட்டுச்சேலைக்குப் பொருந்தாது என்று அன்றைக்கு வேறு பை கொண்டுவந்திருந்தார். இறங்கச் சொன்னார்கள்.

"இவர் என் மாணவி" என்றார் ஆசிரியர்.

"நீங்கள் யார்?" என்று பொலிஸ்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிரெஞ்சுக்காரன்" என்றார். "நான் பிரெஞ்சுப் பிரஜை." சேர்ட் பையிலிருந்து பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காட்டினார்.

"உங்களுக்கு ஒன்றுமில்லை சேர், நீங்கள் போகலாம்."

அவர் பாஸ்போர்ட்டை மறுபடியும் சேர்ட் பையில் வைத்தார். முன் கண்ணாடி வழியே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானில் மிச்சம் இருந்த நாங்களும் பாலத்தைத்தான் பார்த்தோம். அக்கா தெருவோரம் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். அவரைத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை.

அப்போது பின் சீட்டிலிருந்து தபாலதிபர் மெல்ல இறங்கினார். "நீங்க போங்கோ. இந்தப் பிள்ளை தனிய நிக்குது, நானும் நிக்கிறன். லொட்ஜில சொல்லி அந்தத் துண்டை அனுப்பிவிடுங்கோ" என்று என்னிடம் சொன்னார். பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ தாழ்மையாகச் சொல்லிவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவரையும் பிடித்து வைத்தார்கள்.

லொட்ஜுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அந்த அளவுக்காவது செய்தேன். பொலிஸ் நிலையத்தில் இரவு வைத்திருந்து, மறுநாள் மத்தியானம் முதலாளி துண்டோடு போன பிறகு இருவரையும் விட்டார்கள். அடிக்கவில்லை. ஒரே வாங்கில் இருந்தார்களாம். தபாலதிபர் தன் சால்வையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு விடியும்வரை நித்திரை கொள்ளாமல் இருந்தாராம்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வகுப்புக்கு வந்தார்கள். ஆசிரியர் தயாராக வந்திருந்தார். பாலத்தடியில் அக்காவைப் பார்த்தபோது தன் தாயைத்தான் கண்டதாகத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட இனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான் என்றார். கண்ணும் நேரத்துக்குக் கலங்கியது.

அக்கா கையை உயர்த்தினார். "தங்கச்சி, சேரிட்டக் கேளும். விசா இன்டர்வியூவில என்னென்ன கேப்பினம்? அதைப் படிப்பிச்சாக் காணும் எண்டு சொல்லும்."

இந்த முறையும் நான் மெருகு போடாமல், போதும் என்ற அர்த்தத்தில் அக்கா சொன்ன அந்தக் காணும் என்ற சொல்லை அழுத்தியே மொழிபெயர்த்தேன். அவர் எங்கள் எல்லோரையும் பார்த்தார். ஒருவரும் அவருக்காகத் தலையாட்டவில்லை. சோக்கட்டியை எடுத்து, "உங்கள் கணவரின் பெயர் என்ன?" என்று பிரெஞ்சில் போர்டில் எழுதினார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நன்றாகப் படிப்பித்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். படிப்பிக்கத் தெரிந்த ஆள். உச்சரிப்பை வாயில் விரல் வைத்துக் காட்டிக்கொடுப்பார், பிழை விட்டவரை நோகாமல் திருத்துவார். அவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு அரைவருடம் எங்களுக்கு உப்புச் சுரங்கம் காட்டினார். நகரத்தில் ஒரு குண்டு வெடித்த கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிட்டார். டியூட்டரிக்காரர் வாசல் போர்டில் பிரெஞ்சு என்ற சொல்லை அழித்து ஜெர்மன் என்று எழுதினார்.

அக்காவுக்கு விசா கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை, அண்ணன் விண்ணப்பமே போடவில்லை என்று பின்னால் தெரிந்தது. கொட்டாஞ்சேனையிலேயே கலியாணம் கட்டி, அதே கம்பனியில் பென்ஷன் வரைக்கும் இருந்தேன். தபாலதிபர் எங்கே போனார் என்று தெரியவில்லை. பாலத்தடியில் இறங்கினதற்கு அவருக்கு ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

அக்கா போய் மூன்று வருடம் கழித்து ஒரு படம் அனுப்பினார். மகள் கறுப்புச் சட்டையும், அதற்கு மேல் பூவேலை செய்த ஏப்ரனும், தலையில் நேரே உயர்ந்து நிற்கும் வெள்ளை லேஸ் தொப்பியுமாக, அந்த ஊர்ப் பிள்ளைகளோடு கைகோத்து நிற்கிறாள். போன் எடுத்துக் கேட்டேன், இது என்ன கோலம் என்று.

"அது இஞ்சத்தைப் பழைய உடுப்பாம். ஸ்கூலில டான்ஸ். ஆடாட்டி மற்றப் பிள்ளையள் சேர்க்காதுகளெல்லே" என்றார் அக்கா.

"அந்தப் பாஷையும் படிக்கிறாளா அக்கா?"

"ஆர் கதைக்கினம் அதை? ரோட்டுப் போர்டில கிடக்கு, அவ்வளவுதான். கோழி ஃபக்டரியில எங்கட ஆக்களும் ஆபிரிக்கன் ஆக்களும்தான். எங்களுக்குள்ள பிரெஞ்சுதான்." பிறகு, "வடிவாத்தானே இருக்கிறாள்?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, நல்ல வடிவு" என்றேன். உண்மையாகவே வடிவாக இருந்தாள்.