எச்சில் வியாபாரி

என் சித்தப்பாவுக்குத் தப்பை ஒப்புக்கொள்ளும் பழக்கமே கிடையாது. அவர் பழுது பார்த்த குடை கடைவாசலைத் தாண்டுவதற்குள் பின்பக்கமாக மடங்கினால், காற்று சரியில்லை என்பார். லைட்டர் எரியவில்லையென்றால் வாங்கியவனுக்குக் கட்டைவிரல் சரியில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, அதற்கும் காரணம் மற்றவர்கள்தான்.

சந்தைக்குப் பின்னால், இரண்டு பேர் நின்றாலே மூச்சு முட்டும் கடை அவருடையது. இறந்தவர்களின் வீட்டைக் காலி செய்யும்போது வெளியே வரும் சாமான்களை வாங்கி, துடைத்து விற்பார். அவற்றில் புகையிலைப் பைப் என்றால் அவருக்கு உயிர். இத்தனைக்கும் அவர் புகை பிடிப்பதில்லை.

பழைய பைப்புக்குள் முந்தைய ஆளின் வாய் அப்படியே இருக்கும் என்பார். அதை வெளியேற்றுவதுதான் வேலை. வாயில் வைக்கும் முனையை மெல்லத் திருகிக் கழற்றுவார். புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் உட்சுவரில் ஏறிப்போன கரியை மழுங்கல் கத்தியால் சுரண்டுவார். அடிவரை சுத்தமாகிவிட்டதா என்று பேனா அளவு டார்ச்சை அடித்துப் பார்ப்பார். பஞ்சு சுற்றிய கம்பியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துளைக்குள் விட்டு இழுப்பார். பஞ்சு வெள்ளையாக வெளியே வரும்வரை விடமாட்டார். பிறகு துளையை அடைத்து, கிண்ணம் நிறையக் கல்லுப்பைக் கொட்டி, அதன்மேல் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு ராத்திரி வைப்பார். காலையில் உப்பு பழுப்பேறிக் கிடக்கும். அதைக் கொட்டிவிட்டு, ஈரம் போகக் காயவைப்பார். கடைசியாக, புகையிலை போடாமல் வெறும் காற்றை உறிஞ்சிப் பார்ப்பார். நாக்கில் மரம் மட்டும் தெரிந்தால் வேலை முடிந்தது.

என் அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வுபெற்றவர். தம்பியின் தொழிலை அவர் மதித்ததே இல்லை. ஒரு விருந்தில் சொந்தக்காரர்கள் முன்னால், "என் தம்பி என்ன பண்றான்னா கேக்குறீங்க? அடுத்தவன் எச்சிலக் கழுவி விக்கிறான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவார், உட்காருவார், ஊர்க்கதை பேசுவார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து.

அப்பா பல வருஷமாகப் பைப் பிடிப்பவர். அவருடைய பைப் விரிசல் விட்டபோது, சித்தப்பா தன் கடையில் இருந்ததிலேயே நல்ல பைப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் அந்த எச்சில் பைப்பை வாயில் வைத்து, 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்து அப்பா யாரையும் மெச்சிப் பேசியதில்லை. பேசினால் பல் கொட்டிவிடும் என்று பயமோ என்னவோ.

அப்பா பற்றவைத்து இழுத்தார். முகத்தைச் சுளித்தார்.

"கசக்குதுடா."

சித்தப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. எடுத்துக்கொண்டு போனார். கத்தி, பஞ்சு, உப்பு, ஸ்பிரிட் எல்லாம் மறுபடி. திரும்பக் கொண்டுவந்தபோது, "இன்னும் கசக்குது" என்றார் அப்பா. அடுத்த முறை வாய்முனையையே புதிதாக மாற்றிக் கொண்டுவந்தார். அதற்கும் அதே பதில். அப்பா வேண்டுமென்றே குறை சொல்கிறார் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

"நீ இழுத்துப் பாரும்மா" என்று சித்தப்பா பைப்பை என்னிடம் நீட்டினார். "நெருப்பு வேண்டாம், சும்மா இழு. உங்கப்பா சொல்றது நியாயமான்னு நீயே சொல்லு."

இழுத்தேன். லேசான மரவாசனை தவிர ஒன்றுமில்லை. "ஒண்ணும் கசக்கலையேப்பா" என்றேன். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சண்டை வேண்டாமே என்று டீ போட்டுக் கொடுத்தேன். அப்பாவுக்கு எப்போதும்போலச் சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"என்னம்மா டீ இது? இதுவும் கசக்குது."

சித்தப்பா அந்தக் கோப்பையை எடுத்தார். எங்கள் வீட்டில் தண்ணீரைத் தொடாத மனிதர், அண்ணன் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவையே பார்த்தார்.

"அண்ணே, வாயத் திற."

"எதுக்குடா?"

"திறண்ணே."

சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்ன டார்ச்சை எடுத்தார். பைப்பின் அடியைப் பார்ப்பதுபோலவே, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அப்பாவின் நாக்குக்கு அடியில் பார்த்தார். பார்த்தபிறகு டார்ச்சை அணைக்க மறந்து நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். நாக்கின் அடியோரத்தில் வெளுத்துத் தடித்த ஒரு புண்.

"எத்தன நாளா இருக்கு?"

"உன் பைப் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு." அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பைப்தான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டா கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சுடா."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். பரிசோதனைகளெல்லாம் முடிந்தபிறகு டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டார். முற்றிவிட்டது, கழுத்துக்கும் இறங்கிவிட்டது, வெட்டி எடுக்கும் நிலையெல்லாம் தாண்டிவிட்டது என்றார். இனி பைப்பைத் தொடக்கூடாது என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அதைக்கூட அவர் சொல்லவில்லை.

அப்பாவின் குரல் மெல்ல மெல்லப் பாதியாகிவிட்டது. சித்தப்பா தினமும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து கட்டிலருகே உட்காருவார். ஒரு மாலை அப்பா அந்தப் பைப்பைக் கேட்டார். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பற்றவைக்கவில்லை. வாயில் வைத்து வெறும் காற்றை உறிஞ்சினார். வலித்திருக்கவேண்டும், கண்கள் இறுக மூடிக்கொண்டன.

"நல்லா இருக்குடா" என்றார். "கசப்பே இல்ல. நல்ல வேலை பண்ணியிருக்க."

சித்தப்பா இத்தனை காலம் காத்திருந்த வார்த்தை. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவர் அழவில்லை. பைப்பை அண்ணன் கையிலிருந்து வாங்கி, துடைக்காமலே தன் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இல்லண்ணே, கசக்குது. பைப்தான் சரியில்ல. என் வேலைதான் மோசம், தப்பு என்னோடது. நாளைக்குச் சுத்தமாப் பண்ணி எடுத்துட்டு வரேன்."



"சரிடா" என்றார் அப்பா. "சீக்கிரம் கொண்டு வா."