எடை 134

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இதில் ஒரு எழுத்துகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. போன ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது.

நான் ரவிக்குமார். அடுக்குமாடி கட்டும் இடங்களில் ஆட்களை மேலே ஏற்றும் ஹாய்ஸ்ட் கூண்டுக்கு மெக்கானிக். மாதம் ஒருமுறை பிரேக், பல்சக்கரம், எடை காட்டும் மீட்டர் எல்லாம் பார்த்து நோட்டில் டிக் போட வேண்டும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பாதி நாள் பார்க்காமலேதான் போடுவேன். ஆபீசில் டீ குடித்துக்கொண்டே நாலு சைட்டு நோட்டிலும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டதும் உண்டு.

அன்று சிங்காநல்லூர் சைட். பதினாலு மாடி. லீவு என்பதால் ஈ காக்கை இல்லை. சாரத்தில் கட்டிய சாக்கு காற்றில் படபடவென்று அடிக்கும் சத்தம் மட்டும். என் மனைவி புவனாவுக்கு அங்கேதான் சித்தாள் வேலை. திங்கள் காலை எட்டு மணிக்கு அவளும் இன்னும் பதினோரு பேரும் அந்தக் கூண்டில்தான் ஏறுவார்கள்.

போன் அடித்தாள். "ஏனுங்க, பாத்துப்போட்டீங்களா?"

"பாத்துப்போட்டேன் அம்மணி. சோத்தப் போட்டு வை, வாரேன்."

பொய். நோட்டைக்கூட இன்னும் திறக்கவில்லை.

மணி 12.10. கூண்டுக் கதவைத் திறந்தேன். மீட்டரில் 63. காலிக் கூண்டு பூஜ்யம்தானே காட்ட வேண்டும்? உள்ளே ஏறினேன். 134. என் எடை 71. மீதி அதே 63.

மீட்டர் கெட்டுப்போச்சு, சனியன் என்று திட்டிக்கொண்டே வெளியே வந்து ரீசெட் செய்தேன். பூஜ்யம். ஏறினேன். 71. சரி, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று பிடியை மேலே தள்ளினேன்.

12.26. ஒன்பதாவது மாடி. தானாக நின்றது.

கீழே ரோட்டில் பஸ் போனது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கத்தினாலும் கேட்க ஆளில்லை.

கூண்டு லேசாக அமுங்கியது. ஆள் ஏறினால் அமுங்குமே, அப்படி.

மீட்டரில்... 134.

காதோரம், மெதுவாக, மரியாதையாக...

"ஏனுங்க... பிரேக்கைப் பாத்தீங்களாங்க?"

"இல்லீங்க..."

"பாருங்க."

டக்.

கூண்டு இறங்கியது. பிடியை நான் தொடவே இல்லை.

கீழே வந்ததும் கூண்டின் கூரைமேல் ஏறி பிரேக் மூடியைக் கழற்றினேன். சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் லைனிங் தேய்ந்து வெறும் தகடாகியிருந்தது. நாளைக்குப் பன்னிரண்டு பேர்... அதில் புவனா. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கூண்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஸ்டோர் பார்க்கும் ரசாக் பாயிடம் அந்தக் கூண்டைப் பற்றிக் கேட்டேன். பழைய ஃபைலைத் தேடி எடுத்தார்.

"இது முன்ன கணபதி ஏரியா சைட்ல ஓடுன கூண்டுங்க. ரெண்டு வருசம் முந்தி பிரேக் புடிக்காம ஒம்பதாவது மாடியிலிருந்து வந்து உளுந்துருச்சு. ஓட்டுன காளிச்சாமி அங்கயே முடிஞ்சுட்டாருங்க. ஆபீஸ்ல அமுக்கிப்போட்டாங்க. ரிப்பேர் பண்ணி, பெயிண்ட் அடிச்சு இங்க அனுப்பிட்டாங்க."

ஃபைலில் காளிச்சாமியின் மெடிக்கல் அட்டை இருந்தது. எடை: 63.

அடுத்த பக்கம், கூண்டு விழுந்த மாதத்துச் செக்கிங் தாள். பிரேக்குக்கு நேராக டிக். கீழே கையெழுத்து.

என்னுடையது. கணபதி சைட்டை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

புது பிரேக் போட்டாயிற்று. மீட்டரையும் மாற்றியாயிற்று. புவனா ஏறினால் சரியாகக் காட்டுகிறது. யார் ஏறினாலும் சரியாகத்தான் காட்டுகிறது.

நான் தனியாக ஏறினால் மட்டும்... 134.