மீன்கார அக்காவும் நான் கிழித்த படமும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் மீன் வாங்க நின்றபடி, நேற்று இங்கே விமர்சனம் எழுதிய, சிறைக் கைதிகள் கவிதை சொல்லும் அந்தப் படத்தை நண்பனிடம் போனில் கிழித்துக்கொண்டிருந்தேன்.

“ஜெயில்ல எவன்டா கவிதை சொல்லுவான்?”

சங்கரா மீனை வெட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை.

“நான் சொன்னேன் சார். உள்ள இருந்தப்போ எம்பொண்ணு மனு போட்டு பாக்க வரும். கம்பிக்கு ரெண்டு பக்கமும் அத்தினி பேரும் கத்துவாங்க. சும்மா பேசுனா காதுல வுழாது. ‘பல்லு தேச்சியா, பள்ளிக்கூடம் போனியா, பசிச்சா துன்னியா’ன்னு பாட்டா இழுத்தாத்தான் அதுக்குக் கேக்கும்.”

ஆறு வருடமாக இவரிடம்தான் மீன் வாங்குகிறேன்.

“தலை வோணுமா சார்?”

என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் தலை இருக்கிறது.

‘நம்பும்படியாக இல்லை’ என்ற என் நேற்றைய விமர்சனத்துக்கு இத்தனை பேர் லைக் போட்டீர்களே, உள்ளே இருந்தவர் உங்களில் ஒருவர்கூடவா இல்லை?