கம்பிக்கு மேலே ஒரு கிளை

எண்பதுகளின் கடைசியில் ஆக்லாந்தில், பக்குரங்காவில், ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அங்கே குளிர்காலம் என்றால் பெரும்பாலும் ஈரமும் சளியும்தான். பனி விழாது. குழாயில் தண்ணீர் உறையாது. அதனால் ஒரு வியாழக்கிழமை காலை வானொலியில் புயல் எச்சரிக்கை சொன்னபோது தெருவில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. குப்பைத் தொட்டிகளை உள்ளே இழுத்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தேன். அடுப்பு, ஹீட்டர் எல்லாம் கரண்டில் ஓடுகிற வீடு. கரண்ட் போனால் பச்சைத் தண்ணீர்தான் சாப்பாடு. புட்டு அவித்து, இரண்டு நாள் தாங்குகிற மாதிரிச் சம்பலும் இடித்து மூடி வைத்தேன். ஈஸ்ட் டாமாக்கியில் தொழிற்சாலை வேலை முடிந்து களைத்து வந்த கணவரை, தேநீர் கொடுத்த கையோடு கூரைக்கு ஏற்றினேன். தகரத்தில் ஆட்டம் கண்ட இடமெல்லாம் ஆணி அடித்தார். முணுமுணுத்துக்கொண்டுதான் அடித்தார்.

ஆனால் என் கவலை கூரை இல்லை, சாப்பாடும் இல்லை. தொலைபேசிக் கம்பி.

இலங்கையில், எங்கள் ஊரில், என் தம்பியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் சிலரை விடுகிறார்கள் என்று அப்பா எழுதியிருந்தார். எது நடந்தாலும் கொழும்புக்கு வந்து, அந்த வாரச் சனிக்கிழமை எங்கள் நேரம் பின்னேரம் நாலு மணிக்கு, தபால் கந்தோரிலிருந்து அழைப்பார். தம்பியை விட்டிருந்தால் முதலில் அவனே கதைப்பான். விடாவிட்டால் அப்பா கதைப்பார். முதல் குரலிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட வேண்டும் என்று அவர் செய்த ஏற்பாடு அது. திருப்பி அழைக்க என்னிடம் எண் கிடையாது. மணி அடிக்காமல் போனால், இங்கே கம்பி அறுந்ததா, அங்கே அப்பாவுக்குச் சொல்ல வாய் வரவில்லையா என்று தெரியாமல், அடுத்த கடிதம் வரும்வரை நான் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டும்.

அந்தக் கம்பிக்கு நேர் மேலே ஒரு கிளை நீண்டிருந்தது. வாட்டில் மரம், வீட்டுக்காரி தன் கையால் நட்டது. அந்த மாதம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அழகில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முருங்கையைப் போல அதுவும் காற்றுக்கு ஆகாத மரம், சடக்கென்று முறிந்துவிடும். எங்கள் ஊரில் மாரிக்கு முன்பே முருங்கையைத் தறித்துவிடுவோம். இதையும் தறிக்கப் போகிறேன் என்றதும் கணவருக்கு வியர்த்துவிட்டது.

"உமக்கென்ன விசரே? வாடகை வீடு. மரத்தில கை வச்சா நாளைக்கே வீட்டால எழும்பச் சொல்லிப்போடுவா."

"எழும்பச் சொன்னா எழும்புவம். சனிக்கிழமை கழியட்டும்."

வீட்டுக்காரிக்கு மூன்று தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. சொல்ல முயன்றாயிற்று என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஃபிஜியிலிருந்து வந்த தச்சர், தாத்தா காலத்துத் தமிழை இன்னும் கொஞ்சம் வைத்திருந்தவர். ஏணியும் வாளும் கொண்டு வந்து நின்று, மேலே பார்த்தார்.

"நுனி மட்டும் வெட்டுறேன், தங்கச்சி. போதும்."

"போதாது. அடியோட எடுங்கோ."

அவர் சிரித்தார். கிளையில் கயிற்றைக் கட்டி, மேல் கவையில் போட்டு, மறு முனையை எங்கள் கையில் தந்தார். முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்தார், பிறகு மேலே. கிளை விடுபட்டதும் கயிறு என் உள்ளங்கையைச் சுட்டது. நானும் கணவரும் பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடித்தோம். கம்பியில் ஒரு பூக்கூடப் படாமல் அது பக்கவாட்டில் இறங்கியது. இதற்காகப் பிறகு வீட்டுக்காரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் காற்று வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. மணிக்கொரு தடவை ரிசீவரைத் தூக்கி, உள்ளே லைன் இருக்கிறதென்று சொல்லும் அந்த ஊதல் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்டது. விடிந்து பார்த்தபோது வேலி சாய்ந்து கிடந்தது. வாட்டில் மரத்தின் மிச்சத்தில் பாதி முறிந்து புல்லில் விழுந்திருந்தது. கம்பி இருந்தபடியே இருந்தது. கணவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் புட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

நாலு மணி ஆனது. நாலேகால் ஆனது. இதற்குமேல் நான் வெட்டவோ கட்டவோ எதுவும் மிச்சம் இருக்கவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத நிலைமை. பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தேன்.

மணி அடித்தது. ஒரு இரைச்சல், தூரத்தில் யாரோ எண் சொல்லும் சத்தம். பிறகு குரல்.

"பிள்ளை, கேக்குதே?"

அப்பா.

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"பிள்ளை! கேக்குதே? இவன் வாயைத் திறக்கிறானில்லை. போனைக் கையில குடுத்தா அழுகிறான். காசு குடுத்த நிமிசம் போகுது, அதுதான் நான் எடுத்தனான். பக்கத்திலதான் நிக்கிறான்."

அது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் எனக்கு வந்தது கண்ணீர் இல்லை, கோபம்.

"அப்ப நீங்கள் ஏன் முதல்ல கதைச்சனீங்கள்?" என்று கத்தினேன். "அவன்தான் முதல்ல கதைப்பான் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்? எழுதினா எழுதினபடி செய்யத் தெரியாதே உங்களுக்கு? எனக்கு இஞ்ச உயிர் போயிட்டுது!"

அப்பா ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினார். நான் விடவில்லை. சண்டை பிடித்துக்கொண்டே இருந்தேன். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூக்கடைத்துப்போய், அடக்க முடியாமல், யாரோ சிரிக்கிற சத்தம். நான் வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்டேன். தம்பி.