யாரும் சரியாகச் சொல்லாத பதினோரு நிமிடம்

அந்த ஆஸ்பத்திரியில் எந்தத் தொலைபேசியை எடுத்துப் பூஜ்யத்தை அழுத்தினாலும் ஒரே குரல்தான் வரும். "வணக்கம், சொல்லுங்க." பூஜ்யத்தில் வருகிறவர் என்பதால் டாக்டர்களிலிருந்து காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ஜீரோ சார். பெயர் வைத்தவர்களே ஒருமுறை மனம் சங்கடப்பட்டு மாற்றப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. "என்னைத் தொடாம இங்க ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட பேசிட முடியுமா? பேசச் சொல்லுங்க பார்ப்போம்" என்று மார்தட்டிக்கொள்வார்.

பிறவியிலேயே அவருக்குப் பார்வை கிடையாது. நானூற்றுச் சொச்சம் உள் எண்கள் மனப்பாடம். எதிர்முனையில் ஆள் மூச்சு விடும்போதே யார் என்று சொல்லிவிடுவார். நல்ல மனிதர், பொய் தெரியாதவர். ஆனால் சினிமா என்றால் மட்டும் பைத்தியம்.

கண் தெரியாதவருக்கு சினிமா எதற்கு என்று கேட்கிற மகானுபாவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அவருடைய மனைவியைப் பார்த்ததில்லை.

அந்த அம்மாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. நாளொன்றுக்கு அறுநூறு சட்டை கைக்கு வரும். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் தூக்கித் தனியே போட்டுவிடுவாள். கல்யாணமான புதிதில் முதன்முதலாகப் படத்துக்குப் போனபோது, யாரும் கேட்காமலே அவர் இடது காதருகே வந்து சொல்ல ஆரம்பித்தாள். அன்று ஆரம்பித்தது பதினாலு வருடமாக ஓயவில்லை. எப்போதும் கடைசி வரிசை, ஓரத்து இரண்டு இருக்கைகள். ஓட்டல் ரகளையா, மழைப்பாட்டா, கார் கவிழ்வதா, எல்லாம் அவள் வாயில் வரும். இடையிடையே தன் தொழிலையும் விடமாட்டாள். "வில்லன் கோபமா வரான். காலர் ஒரு பக்கம் தூக்கிட்டிருக்கு. யாரு பாஸ் பண்ணாங்களோ இந்தச் சட்டையை."

அந்த வருடம் அந்தப் படம் வந்தது. விண்வெளிப் படம். சூரியனே இல்லாத ஒரு கிரகம், நிலத்துக்கடியில் வாழும் மனிதர்கள், அவர்களுக்காக ஒரு குட்டி நட்சத்திரத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிற ஒரு பெண் இன்ஜினியர். ஊரெல்லாம் அதே பேச்சு. பேருந்தில் அதே பேச்சு, ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும் அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு இருவரும் போனார்கள். வாசலில் கொடுத்த முப்பரிமாணக் கண்ணாடியை ஜீரோ சாரும் வாங்கி மாட்டிக்கொண்டார். டிக்கெட்டோடு வருவதை எதற்கு விடுவது?

இடைவேளை வரை ஒரு குறையும் இல்லை. விண்வெளி உடையின் முழங்கை மடிப்பு சரியில்லை என்பது உட்பட எல்லாம் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது. கடைசிக் கட்டம் வந்தது. கப்பல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

வசனம் இல்லை, இசை இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தார். ஆனால் யாரும் விசிலடிக்கவில்லை, கத்தவில்லை. அறுநூறு பேர் இருக்கிற அரங்கில் ஒருவர் இருமவில்லை. இடது காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவளிடமிருந்தும் ஒரு சொல் வரவில்லை. முழங்கையால் மெல்ல இடித்தார். கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தடவினார். பதினோரு நிமிடம் கழித்து அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல் கிளம்பியது. என்னவென்று தெரியாமல் அவரும் தட்டினார். 

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற வரைதான் பொறுமை இருந்தது.

"என்னதான் ஆச்சு அங்க?"

"சொல்ல வரலைங்க."

"சொல்ல வரலைன்னா?"

"வார்த்தை வரலை. வாய் திறக்கவே தோணலை."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்? உனக்குத் துணைக்கா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார். அவள் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, அமைதியாகத்தான் சொன்னாள்: "இனிமே தம்பியைக் கூட்டிட்டுப் போங்க. என்னால ஆகாது."

சண்டை போட்டிருந்தால் அவர் தேறியிருப்பார். அமைதியாகச் சொன்னதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. அவளில்லாமல் அவருக்கு சினிமா ஏது? ஆனால் மன்னிப்புக் கேட்கிற வழி தெரியாத ஆண்பிள்ளைக்கு வேறு வேலை கிடைத்துவிடும். அந்தப் பதினோரு நிமிடத்தில் என்ன நடந்தது என்று கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பிவிட்டார். அதைத் தெரிந்துகொண்டால் அவள் வாய் ஏன் அடைத்தது என்பது தெரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

முதலில் மச்சினனைப் பிடித்தார். "அட போங்க மாமா, படமா அது? கதைன்னு ஒண்ணு வேணாமா? கடைசில பத்து நிமிஷம் லைட்டு போட்டுக் காட்டினான், எல்லாரும் வாயைப் பொளந்துட்டாங்க. நான் போனைப் பார்த்துட்டிருந்தேன்."

திங்கள்கிழமை காலை ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புப் பலகையின் முன் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் அழைத்தார். "சார், பெட்ரோல் ஸ்டோர் குடுங்க."

"குடுக்கறேன். அந்தப் படம் பார்த்தாச்சா?"

பெட்ரோல் மறந்தே போய்விட்டது. "சார்! மூணு தடவை பார்த்துட்டேன் சார்! அந்த நட்சத்திரத்தைக் கையிலேர்ந்து விடுவா பாருங்க, ஐயோ! உறைஞ்சு போன கடல், மலையாட்டம் நிக்குது. வெளிச்சம் பட்டு அப்படியே உருகுது. உள்ளேர்ந்து ஒண்ணு வெளிய வருது சார். நான் அழுதுட்டேன். எத்தனை பேரை வண்டியில ஏத்தியிருக்கேன், அப்பல்லாம் அழாதவன், இதுக்கு அழறேன்."

"வெளிய வந்தது என்ன?"

"அது... பறவையாட்டம் செட்டை வச்ச ஒண்ணு சார். இந்த ஆஸ்பத்திரி அளவு இருக்கும்."

எலும்பு டாக்டர் அழைத்தார். அவருக்குப் படத்தின் மேல் தீராத கோபம். "செட்டையா? யார் சொன்னது? மீன் துடுப்பு! அதுவும் அந்த உடம்புக்கு அந்த எலும்பு தாங்கவே தாங்காது. முதல் வீச்சிலேயே முறிஞ்சு இங்கதான் வரணும்."

"அப்ப பிடிக்கலையா டாக்டர்?"

கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு மறுபடி போறேன்" என்று வைத்துவிட்டார்.

இரத்தப் பரிசோதனைக்கூடத்து அக்கா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். அவர் சொன்னபடி அந்த வெளிச்சம் பச்சை. தலைமை நர்ஸ் சொன்னபடி ஊதா, அதுவும் கண் கூசித் தலைவலி வந்து மாத்திரை போட்ட ஊதா. ஒருவருக்கு அது இதுவரை மனிதன் எடுத்த படங்களிலேயே உச்சம். இன்னொருவருக்குத் தூக்க மருந்து. அதே அரங்கம், அதே திரை, ஆளுக்கொரு படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்! ஜீரோ சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை நாள் கண் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் பார்க்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர். செவ்வாய்க்கிழமைக்குள் இருபத்து மூன்று பேரைக் கேட்டுவிட்டார். ஊசி போட வந்தவரைக்கூட விடவில்லை. வீட்டில் அவள் தேவைக்கு மட்டும் பேசினாள். வியாழக்கிழமையோடு பெரிய திரையிலிருந்து படத்தைத் தூக்குகிறார்கள் என்று டிரைவர் வேறு சொல்லி வைத்தார்.

புதன்கிழமைதான் அந்தக் கூத்து நடந்தது. செட்டையா துடுப்பா என்று இன்றைக்கு முடிவு கட்டிவிடலாம் என்று எலும்பு டாக்டரையும் பரிசோதனைக்கூடத்து அக்காவையும் ஒரே இணைப்பில் கோத்துவிட்டார். இருவரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். கேட்கிற ஆர்வத்தில் ஜீரோ சார் பலகையின் மேல் கவிழ்ந்தார். கவிழ்ந்த முழங்கை ஒரு பொத்தானை அழுத்தியது. அது ஒலிபெருக்கியின் பொத்தான். ஆறு மாடியிலும், எல்லா வார்டிலும், வெளிநோயாளிகள் வரிசையிலும் எலும்பு டாக்டரின் குரல் இடித்தது.

"துடுப்பும்மா அது! நான் எலும்பு படிச்சவன்!"

"நான் கண்ணால பார்த்தேன் டாக்டர்! செட்டை! பச்சை செட்டை!"

ஜீரோ சாருக்கு ஒன்றும் புரியவில்லை. மாடிப்படியில் யாரோ "துடுப்புதான்!" என்று கத்தினார்கள். வரிசையிலிருந்து இன்னொருவர் "யோவ், செட்டைய்யா!" என்றார். கட்டுப்போட்ட காலோடு ஒருவர் தன் கட்சிக்குக் கைதட்டினார். அப்புறம்தான் ஜீரோ சாருக்குத் தன் முழங்கையின் ஞாபகம் வந்தது. சட்டென்று பொத்தானை விடுவித்தார். அடுத்த நிமிடம் மணி அடித்தது. மூச்சைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பிலிருக்கும் பெரிய டாக்டரம்மா.

"என்ன சார் நடக்குது அங்க?"

பொய் தெரியாத மனிதர் ஆயிற்றே. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். 

"இப்ப நாம பேசறது வெளிய கேக்குதா?"

"இல்ல மேடம். அணைச்சுட்டேன்."

"செட்டைதான். யார்கிட்டயும் சொல்லாதீங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது சரி, உங்க வீட்டுக்காரம்மாவுக்குப் படம் பிடிச்சுதா?"

ஜீரோ சார் வாயைத் திறந்தார். இருபத்து மூன்று பேரின் அபிப்பிராயம் வரிசையாக அவர் நாக்கின் நுனியில் இருந்தது. இந்த ஒன்று இல்லை. இந்தப் படத்துக்கு மட்டுமில்லை, பதினாலு வருடத்தில் பார்த்த எந்தப் படத்துக்கும் இல்லை. முடிந்ததும் எழுந்து, "நல்லாச் சொன்னே" என்பார். அதோடு சரி. உனக்குப் பிடித்ததா என்று ஒருநாள் கேட்டிருக்கிறாரா? வெட்கத்தில் காது சுட்டது.

"கேக்கலை மேடம்."

"கேளுங்க" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உதறுகிற சத்தத்தை வைத்து எதிரில் போய் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். அந்தப் படம் உனக்குப் பிடிச்சுதா?"

உதறல் நின்றது.

"இது என்ன புதுசா?"

"புதுசுதான். பதினாலு வருஷம் லேட்டு. சொல்லு."

கையிலிருந்த சட்டையை நீவுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் கரகரத்தது. "எனக்கு எப்படிங்க தெரியும்? நான் எங்க படம் பார்த்தேன்? அடுத்து என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்னுதானே பார்த்துட்டிருந்தேன். அந்தக் கடைசிப் பதினோரு நிமிஷம்தான் பார்த்தேன். வேணும்னு செய்யலைங்க. நீங்க பக்கத்துல இருக்கறதே மறந்து போச்சு. அதான் எனக்குப் பயமாப் போச்சு."

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். கையில் ஒரு சட்டை இருந்தது. சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "துணைக்கா வந்தேன்னு கேட்டேனே, தப்புதான். நாளைக்குக் கடைசி நாள். அரை நாள் லீவு போடு. நானும் போடறேன். முதல்லேர்ந்து முடிவு வரைக்கும் நீ வாயே திறக்கக் கூடாது. பார்க்கணும். அவ்வளவுதான்."

"அப்ப நீங்க?"

"எனக்குத்தான் ஆஸ்பத்திரியில இருபத்து மூணு பேர் சொல்லி வச்சிருக்காங்களே" என்று செட்டை, துடுப்பு, பச்சை, ஊதா எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்தார்.

வியாழக்கிழமை மதியம் அதே கடைசி வரிசை. இரண்டே கால் மணி நேரம் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு முறை பழக்க தோஷத்தில் அவர் காதுப் பக்கம் சாய்ந்தாள். இரண்டு முறையும் அவரே தோளால் தள்ளிவிட்டார். அந்தப் பதினோரு நிமிடம் வந்தது. அரங்கம் அடங்கியது. ஜீரோ சார் மனத்துக்குள் அந்த உறைந்த கடலை உருக்கினார், செட்டையைப் பொருத்தினார், துடுப்பையும் பொருத்தினார், பச்சையா ஊதாவா என்று சண்டையும் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் அவள் மூச்சு ஏறி இறங்குவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைத் தொடவில்லை.

விளக்கு போட்டார்கள். கூட்டம் எழுந்தது. வெளியே வராந்தாவில் அவள் கண்ணாடியைக் கழற்றினாள். குரலில் இருந்த துடிப்பை அவர் இதற்கு முன் கேட்டதே இல்லை.

"கேக்க மாட்டீங்களா?"

"பிடிச்சுதா?"

"முதல் பாதி குப்பைங்க! தம்பி சொன்னது சரிதான், கதையே இல்ல. அந்த ஹீரோயின் பேசறது எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கலை. ஆனா கடைசில... அப்பா! இருபத்து மூணு பேரும் தப்பாச் சொல்லியிருக்காங்க. வேகமா வாங்க."

"எங்க?"

"டிக்கெட் எடுக்கணும். நாலு மணிக் காட்சி இருக்கு, அதோட தூக்கிடுவாங்க. முதல் தடவை மிரண்டு போய்ப் பார்த்தேன். இப்ப நல்லாப் பார்த்துட்டேன். இனிமே உங்களுக்குச் சொல்லலாம்."

"மறுபடி முழுசாவா? முதல் பாதி குப்பைங்கறே?"

"முதல் பாதியில தூங்குங்க" என்று இழுத்துக்கொண்டு ஓடினாள். கடைசி வரிசை கிடைக்கவில்லை. நடு வரிசையில், நெருக்கியடிக்கிற கூட்டத்துக்கு மத்தியில் இடம் கிடைத்தது. அவர் தூங்கவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அரங்கம் மூச்சை அடக்கியது. இடது காதில் வெதுவெதுவென்று அவள் மூச்சு பட்டது.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது," என்றாள். "குறுக்க பேசாம கேளுங்க."