மயில் விரட்டுகிற குரல்

ரிஷிவந்தியம் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் இருந்த அம்மாள், மக்காச்சோளக் கொல்லையில் மயில் விரட்டும் கூலிக்காரி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவருடைய "ஊய்ய்யா" கூச்சலை யாரோ செல்போனில் பிடித்துப் போட, எவனோ தாளம் சேர்த்துப் பாட்டாக்கிவிட்டான். இப்போது அது இல்லாமல் கல்யாணமே இல்லை.

"பேர் வந்துடுச்சேம்மா" என்றேன்.

"இன்னா பேருங்க? ஆடி மாசம் பூரா ஊருக்கு ஊரு ஸ்பீக்கர்ல போட்டானுங்க. கேட்டுக் கேட்டு மயிலுக்குப் பயம் வுட்டுப்போச்சு. நான் கத்துனாலும் வெதையப் பொறுக்கிக்கினே இருக்குது. 'உன் பாட்டுக்கு மயிலு ஆடத்தான் செய்யும், நாளைலேர்ந்து வராத'ன்னுட்டாரு கொல்லைக்காரரு."

டிரைவர் அடுத்த பாட்டைப் போட்டார். "ஊய்ய்யா!" ஆட்டோவே சேர்ந்து கத்தியது. அந்த அம்மாள் மட்டும் வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை.