வயர்லெஸ்ஸில் வந்த பதில்

பொம்மையார்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது போன் வந்தது. "டீச்சர், நம்ம மிலிட்டரி சார் போயிட்டாருங்க. காலையில உப்பளத்துப் பக்கம் நடக்கக் கிளம்பினவரு, செருப்பு மாட்டும்போதே சாஞ்சிட்டாரு" என்றார் பள்ளியின் பழைய எழுத்தர். மரக்காணம் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த தனக்கோட்டி சாரின் விசிலும் விறைப்பும் அங்கே படித்த உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். போரில் அவர் கண்டதை நம்மில் சிலரிடம்தான் சொன்னார்.

அதே பள்ளியில் நான் வரலாறு நடத்தினேன். வங்கதேசம் பிறந்த போரைப் பற்றி, "எதிரிப் படை சரணடைந்தது, போர் முடிந்தது" என்று வகுப்பில் ஒருநாள் சொன்னேன். வராந்தாவில் போன சாரின் காதில் அது விழுந்திருக்கிறது. மதியம் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "முடிஞ்சதுன்னு சொல்றீங்களே டீச்சர், எப்படி முடியுதுன்னு சொல்லட்டுமா?"

அந்தப் போரில் அவர் வயர்லெஸ் ஆபரேட்டர். மீசை அரும்பிய வயது. வங்கதேசத் தலைநகரில் சரண் ஒப்பந்தம் ஆன பிறகும், ஒரு சணல் ஆலைக்குள் எதிரிப் படையின் ஒரு பிரிவு பணியாமல் இருந்தது. சாரின் மேஜர் தலையணை உறையைக் கம்பில் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆலைக் கதவுவரை நடந்தார். வயர்லெஸ்ஸைச் சுமந்தபடி சார் பின்னால் போனார். உள்ளேயிருந்து ஒரு கேப்டன் வந்தார். இருவரும் நின்றபடியே ஆங்கிலத்தில் பேசினார்கள். காயம்பட்டவர்களை முதலில் அனுப்பச் சம்மதம். வெளியே ஊர்மக்கள் கொதித்து நின்றதால், லாரி வரும்வரை துப்பாக்கிகள் எதிரிப் படையினரிடமே இருக்கவும் சம்மதம். பிறகு கேப்டன் கேட்டார்: "எங்களோடு சேர்ந்து ஆயுதம் எடுத்த உள்ளூர் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். அவர்களையும் கைதிகளாக ஏற்பீர்களா?"

மேலிடத்தைக் கேட்கும்படி மேஜர் சொன்னார். சார் கேட்டார். ராணுவத்தினரை மட்டும் கொண்டு வாருங்கள், மற்றவர்களை உள்ளூர் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்தது.

"நிர்வாகம்னு அங்க ஒண்ணுமே இல்லீங்க. அது எங்க மூணு பேருக்கும் தெரியும்."

மேஜர் பதிலைக் கேப்டனிடம் சொன்னார். சரணுக்கு அடையாளமாகக் கேப்டன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, பிஸ்டலோடு மேஜரிடம் நீட்டினார். பேசியது புரியாத அந்த உள்ளூர் ஆட்களில் ஒருவர், சண்டை நின்ற மகிழ்ச்சியில் சாருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

"லாரி கிளம்பினதும் பின்னாடி சத்தம் கேட்டுது. நான் திரும்பிப் பாக்கல" என்றார் சார். ஆலைக்குள் விடப்பட்ட அந்த ஆட்கள் போரில் செய்த கொடுமைகளையும் அவர் மறைக்கவில்லை. "வெளியே நின்னவங்க வீட்லல்லாம் சாவு. அவங்களையும் குத்தம் சொல்ல மாட்டேன். நான் சரியாத்தான் கேட்டேன், பதிலையும் சரியாத்தான் சொன்னேன். அதாங்க தாங்க முடியல."

பல ஆண்டுகள் கழித்து, நம் பக்கத்து மீனவக் குப்பங்கள் இரண்டு வலைத் தகராறில் மோதிக்கொண்டன. பிடித்து வைத்த ஆட்களை விட்டுவிட, சமாதானக் கூட்டத்தில் இரு தரப்பும் இணங்கின. படகில் கூலிக்கு வந்து மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. சார் எழுந்தார். "அவங்களையும் சேருங்க. சேக்காம யாரும் கையெழுத்து போடாதீங்க." வாக்குவாதம் முற்றிக் கூட்டம் கலைந்தது. அன்று மாலை மறுபடியும் கல்வீச்சு. ஒரு மீனவருக்குக் கண் போயிற்று.

மறுநாள் ஒப்பந்தம் ஆனது. கூலிக்காரர்களும் வீடு திரும்பினார்கள். கண்ணை இழந்தவரின் மனைவி சார் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "யாரோ வெளியூரானுக்காக எங்க ஊட்டுக்காரரு கண்ணு போச்சே, சந்தோஷமா உனக்கு?"

"இல்லம்மா" என்றார் சார். அந்தக் குப்பத்துப் பக்கம் பிறகு அவர் தலைநிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாகச் சந்தித்தபோது கேட்டேன். "அன்னைக்கு மேலிடத்துக்கிட்ட மேஜர் முடியாதுன்னு சொல்லியிருக்கணுமா சார்?"

சார் சொன்னார். "சொல்லியிருந்தா பேச்சு முறிஞ்சு, உள்ள இருந்தவங்க திரும்ப சுட்டிருப்பாங்க. கதவுக்கு முன்னாடி நின்னது நான்தானே டீச்சர். நான் உயிரோட வந்தது அவரு சரின்னதாலதான். அவரை எப்படித் திட்டுவேன்? ஆனா அந்தத் தண்ணி இன்னும் தொண்டையில நிக்குது."

சாரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்த நிம்மதியின்மையைத்தான். எங்காவது போர் நின்றது என்று செய்தி வந்தால் எல்லோரையும் போல நானும் மகிழ்கிறேன். உடனே, கதவுக்கு உள்ளேயே கைவிடப்பட்டவர்கள் யார் என்று தேடத் தொடங்கிவிடுகிறேன்.